10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு உடம்பளவில் மரக்கட்டை: அளவெடுப்பிலிருந்து எண்ணெய்ப் பூச்சு வரை முழுமையான வழிகாட்டி

10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுவிலிருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. நின்றபடி, எதன்மேலும் சாயாமல், 60 குண்டுகளை அந்தப் புள்ளியை நோக்கி விட வேண்டும். அத்தனை நேரமும் ரைபிளின் எடை இடுப்பெலும்பு வழியாகப் பாதத்துக்கு இறங்கினால் குறி நிற்கும். கைத்தசை தாங்கினால் பாதிப் போட்டிக்குள் நடுக்கம் வந்துவிடும். எடை எந்த வழியில் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்டாக் எனப்படும் கட்டை. கடையில் வரும் கட்டை ஏதோ ஒரு நடுத்தர உடம்பை மனத்தில் வைத்துச் செய்தது. கை நீளமானவர், கழுத்து நீளமானவர், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பள்ளிப் பிள்ளை ஆகிய மூவருக்கும் அது மூன்று விதமாகத் தப்பாக இருக்கும்.

இங்கே சொல்வது மரவேலை மட்டும். குழல், சிலிண்டர், டிரிக்கர் எதையும் திருத்தப் போவதில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி .177 காலிபருக்கும் 20 ஜூலுக்கும் மேற்போகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். மேட்ச் ரைபிள்கள் 7.5 ஜூல் அளவில்தான் வேலை செய்கின்றன. வேலையைத் தொடங்கும் முன் குழல் காலி என்று பார்த்து, 200 பார் காற்றடைத்த சிலிண்டரைக் கழற்றித் தனியே நிழலில் வைத்துவிடுங்கள். சிலிண்டர் மாட்டியபடி கட்டையில் துளை போடுவதோ உளி பிடிப்பதோ கூடாது.

விதிப்புத்தகம் முதலில்

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சங்கத்தின் (ISSF) விதிகளுக்கு வெளியே போன கட்டை, எவ்வளவு நன்றாக அமைந்தாலும், உபகரணச் சோதனை மேசையைத் தாண்டாது. குறிபார்க்கும் சைட்டுகளோடு சேர்த்து மொத்த எடை 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். முன் கை தாங்கும் முன்கட்டையின் அகலம் 60 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கன்னம் பதியும் கன்னக்கட்டை குழலின் நடுத்தளத்திலிருந்து 40 மி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் நீளக்கூடாது. தோளில் அமரும் பட் பிளேட்டின் குழிவு 20 மி.மீ., நீளம் 153 மி.மீ. என்பவை உச்ச வரம்பு. கட்டைவிரல் துளை, கட்டைவிரல் தாங்கி, உள்ளங்கைத் தாங்கி, ரசமட்டம் ஆகியவற்றுக்கு ஏர் ரைபிளில் இடமில்லை. பிடியிலோ முன்கட்டையிலோ வழுக்காமலிருக்க எதையும் ஒட்டக்கூடாது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், வரைபடத்தில் கோடு போடும் முன் நடப்புப் பதிப்பின் அளவுப் பட்டியலைப் பிரதியெடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரம்புக்கும் 1 மி.மீ. உள்ளேயே நில்லுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்.

உடம்பை அளப்பது

ஜாக்கெட், கால்சட்டை, ஷூ மூன்றையும் போட்டுக்கொண்டுதான் அளவெடுக்க வேண்டும். வெறும் சட்டையோடு எடுத்த நீளம், ஜாக்கெட் ஏறியதும் 15 முதல் 20 மி.மீ. வரை தவறிப்போகும். பாளையங்கோட்டைப் பகல் வெக்கையில் அந்தத் தடித்த கான்வாஸுக்குள் பொறுமையாக நிற்க யாராலும் முடியாது. எனவே அளவெடுப்பைக் காலை ஆறரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவை வலக்கைக்காரருக்கு. இடக்கைக்காரர் பக்கத்தை மாற்றிக்கொள்ளவும்.

நீளம் என்பது டிரிக்கரின் நடுவிலிருந்து பட் பிளேட்டின் குழிந்த பகுதி வரையான தூரம். முழங்கையை நேர்கோணமாக மடக்கி, மடிப்பின் உட்புறத்திலிருந்து ஆட்காட்டி விரலின் நுனிக்கணுச் சதைவரை அளந்து, தோளில் ஜாக்கெட் பிடிக்கும் இடத்துக்காக 15 மி.மீ. கழித்தால் தொடக்க எண் கிடைக்கும். நீளம் கூடிப்போனால் தலை பின்னுக்கு இழுபட்டு இடுப்பு வளையும். குறைந்தால் வலது தோள் முன்னால் சுருண்டு, முகம் பின் சைட்டில் இடிக்கும். வளரும் பிள்ளைகளுக்குக் கட்டையையே 30 மி.மீ. குட்டையாக வைத்து, 10 மி.மீ. தடிப்பில் மூன்று இடைத்துண்டுகள் போடுங்கள். வயது ஏற ஏற ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

அடுத்தது கன்னக்கட்டையின் உயரம். இதில்தான் பலரும் கண்ணை முன்வைத்துக் கழுத்தை மறந்துவிடுகிறார்கள். தலை நிமிர்ந்திருக்க வேண்டும், கழுத்து முன்னுக்குத் தொங்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை இயல்பாக இறக்கி வையுங்கள். பிறகு கண்ணைத் திறந்தால் முன் சைட் வளையம் பின் சைட் துளையின் நடுவில் தெரிய வேண்டும். வளையம் துளையின் கீழ்ப்பாதியில் தெரிந்தால் கண் தாழ்ந்திருக்கிறது. கன்னக்கட்டையை உயர்த்த வேண்டும். மேல்பாதியில் தெரிந்தால் இறக்க வேண்டும். கன்னத்தை அழுத்தினால்தான் நடுவுக்கு வருகிறது என்றால் அது பொருத்தம் இல்லை. அழுத்தம் குண்டுக்குக் குண்டு மாறும், குறியும் கூடவே மாறும். பின் சைட் துளை கண்ணிலிருந்து 5 முதல் 8 செ.மீ. தள்ளியிருந்தால் போதும்.

முன்கட்டையின் ஆழம் இடது கையின் கணக்கு. இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார, கை மணிக்கட்டில் நேராக நிற்க, முன்கட்டை அந்தக் கையின் மேல் வந்து அமர வேண்டும். இடுப்பு நீளமாகவும் கை குட்டையாகவும் உள்ளவருக்கு முழங்கை எலும்பை எட்டாது. அவர் தோளை இறக்கி, முதுகை வளைத்து எட்டிப் பிடிப்பார். முன்கட்டையை ஆழமாக்கினால் இந்தக் கஷ்டம் தீரும். விதி அனுமதிக்கும் எல்லை வரை அதை ஆழமாக்கத் தயங்க வேண்டாம்.

பிடியில் பார்க்க வேண்டியது விரலின் பாதை. டிரிக்கர் விரல் பின்னோக்கி நேராக வர வேண்டும். கட்டையின் பக்கத்தை அது எங்கும் தொடக்கூடாது. 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். தொட்டால் விரல் அசையும்போதெல்லாம் ரைபிளும் பக்கவாட்டில் அசையும்.

மாதிரிக் கட்டை: இதைத் தவிர்க்காதீர்கள்

நல்ல மரத்தில் கை வைக்கும் முன், 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு மாதிரி செய்தாக வேண்டும். பார்க்க அழகாக இருக்கத் தேவையில்லை. மூன்று பிளைவுட் துண்டுகளை அடுக்கி, குழலும் டிரிக்கரும் பொருந்திய இரும்புப் பகுதியான ஆக்‌ஷன் உட்கார ஒரு பள்ளம், பட் பிளேட்டுக்கும் கன்னக்கட்டைக்கும் 8 மி.மீ. அகல நீள்துளைகள், அவற்றில் 6 மி.மீ. போல்ட்டும் சிறகு நட்டும். பட் பிளேட் மேலும் கீழும் 30 மி.மீ., முன்னும் பின்னும் 40 மி.மீ. நகர வேண்டும். பிடி இருக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டைத் தண்டை நட்டு, அதன்மேல் குயவர் களிமண்ணை அப்பி, ஈரத்துணியால் துடைத்த கையால் பிடித்து விடுங்கள். களிமண் காயும்போது சுருங்கும் என்பதால், அச்சு விழுந்ததும் அளவுகளை உடனே காலிப்பரில் எடுத்துவிட வேண்டும். எபாக்சி மாவு வைத்தால் சுருக்கம் இராது, செலவு கொஞ்சம் கூடும்.

இனி இயல்பான குறிப்புள்ளியைச் சோதியுங்கள். இலக்கை நோக்கி நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறக்கவும். குறி இடமாகவோ வலமாகவோ போயிருந்தால் பாதத்தை நகர்த்திச் சரிசெய்யலாம். அது கட்டையின் குறையல்ல. மேலே அல்லது கீழே போயிருந்தால் கட்டையைத்தான் திருத்த வேண்டும். குறி இலக்குக்கு மேலே நின்றால் பட் பிளேட்டைக் கட்டையில் கீழே இறக்குங்கள்: கட்டையின் பின்பகுதி தோளில் உயர்ந்து முன்வாய் தாழும். கீழே நின்றால் பட் பிளேட்டை மேலே ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் 3 மி.மீ. மட்டும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இரண்டு வாரமாவது அந்த மாதிரியோடு பயிற்சி செய்யட்டும். முதல் நாள் சுகமாகத் தெரிந்த அமைப்பு பலருக்கும் ஐந்தாம் நாள் மாறிவிடும். எண்கள் நான்கைந்து நாள் நகராமல் நின்றால்தான் அவை வரைபடத்துக்குப் போகலாம். சமநிலைப் புள்ளியையும் இப்போதே குறியுங்கள். ரைபிளை ஒரு கம்பியின் மேல் வைத்துப் பார்த்தால் அது இடது கை தாங்கும் இடத்தின் மேலோ, 20 முதல் 30 மி.மீ. முன்னாலோ விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன்வாய் சுறுசுறுப்பாக ஆடும்.

வரைபடம்

பழுப்புத் தாளில் முழு அளவில் வரையுங்கள். முதல் கோடு குழலின் மையக்கோடு. எல்லா உயரமும் ஆழமும் அதிலிருந்துதான் அளக்கப்படும். அதன்மேல் டிரிக்கர், பின் சைட், ஆக்‌ஷன் ஸ்க்ரூக்கள், குண்டு போட இயக்கும் லீவர் சுழலும் பாதை என்று இரும்பின் இடங்களைக் குறித்து, பிறகு உடம்பின் அளவுகளை ஏற்றுங்கள். வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டில் தொடங்கியவர்கள் அழகுக்காக அளவை விட்டுக்கொடுக்கும் நிலைக்கு வந்து சேர்கிறார்கள்.

மரம்

உலகமெங்கும் இதற்கு வால்நட் மரம்தான் பேர்போனது. நமக்கு அது தேவையில்லை. திருநெல்வேலிச் சீமையில் இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, பழைய வீடு இடித்த தேக்கு உத்தரமும் நிலைக்காலும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம். இனி முறுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஆணி இருக்கும், காந்தத்தை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவிப் பாருங்கள். இன்னொன்று வாகை. வியாபாரத்தில் இந்திய வால்நட் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. நிறமும் ரேகையும் அருமையாக இருக்கும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகமூடி கட்டாயம். கருவேலம் உறுதியானதுதான், ஆனால் எடை கூடிப்போகும். ஈட்டி மரத்துக்குத் தமிழ்நாட்டில் தனிப் பாதுகாப்புச் சட்டமே போட்டார்கள். ரசீது இல்லாத ஈட்டியைத் தொடாதீர்கள்.

செங்கோட்டை, தென்காசி அறுவை மில்களில் புது மரம் வாங்குவதானால், மரக்கடை அண்ணாச்சியிடம் துப்பாக்கிக் கட்டை என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். “முடிச்சு இல்லாம, வெள்ளை இல்லாம, வைரம் பாய்ஞ்ச பலகை, ரேகை தலைப்புல நெட்டுக்குத்தா நிக்கணும்” என்று கேளுங்கள். தலைப்பில் வளையக்கோடுகள் பலகையின் அகலப் பக்கத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பலகை, படுக்கையாக ஓடும் பலகையைவிடப் பாதியளவே அகலத்தில் சுருங்கி விரியும். கணக்கைப் பாருங்கள்: 55 மி.மீ. அகலத் தேக்கில் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், படுக்கை ரேகையில் சுமார் 0.4 மி.மீ. அசைவு; நெட்டு ரேகையில் அதில் பாதி. பத்துப் புள்ளியே அரை மி.மீ.தான் என்பதை நினைவில் வையுங்கள். கத்திரி வெயிலுக்கும் ஆனி, ஆடிச் சாரலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே இந்த 4 சதவீதம் வெகு சாதாரணம்.

ஈரத்தை அளக்க மீட்டர் இல்லையென்றால், பலகையின் நடுவிலிருந்து (முனையிலிருந்து அல்ல) ஒரு சிறு துண்டை வெட்டி எடை போடுங்கள். ஓவனில் 103 டிகிரியில், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை வைத்து மறுபடி எடை போடுங்கள். எடையில் குறைந்த அளவைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரப்பதம். 10 முதல் 12 சதவீதம் நமக்கு ஏற்றது. 15-க்கு மேல் என்றால் அந்தப் பலகை இன்னும் சில மாதம் நிழலில் அடுக்கிக் கிடக்கட்டும்.

ஒற்றை மரத்தைவிட ஒட்டிய மரமே இந்த வேலைக்கு மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. 11 மி.மீ. பலகைகள் ஐந்து, அடுத்தடுத்த பலகையின் ரேகை எதிரெதிராகச் சாயும்படி அடுக்கி, மெதுவாக இறுகும் எபாக்சியில் ஒட்டினால் 55 மி.மீ. கட்டை. 850 மி.மீ. நீளம், 180 மி.மீ. உயரம் போதும். தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்ட விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் ஒவ்வொரு முகத்தையும் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். கிளாம்ப்பை முழு பலத்தில் இறுக்கினால் பசையெல்லாம் வெளியே வழிந்து மூட்டு பட்டினியாகிவிடும். ஓரத்தில் பசை மணிமணியாக வந்ததும் நிறுத்துங்கள்.

குடைவும் படுக்கையும்

வெளிவடிவம் வெட்டும் முன்பே உள்ளே குடைய வேண்டும். கட்டை இன்னும் சதுரமாக, நான்கு முகமும் நேராக இருக்கும்போதுதான் மையக்கோடு தப்பாது. முதலில் ஆக்‌ஷன் ஸ்க்ரூ துளைகளை டிரில் பிரஸ்ஸில் செங்குத்தாகப் போடுங்கள்; கையால் பிடித்த டிரில் வேண்டாம். பிறகு ரௌட்டரில் 10 மி.மீ. பிட்டால் பள்ளம், ஒரு ஓட்டத்துக்கு 3 மி.மீ. ஆழம். மூலைகளை உளியால் முடிக்கவும். பூஜையறைக் கதவில் பூவேலை செய்யும் சி.என்.சி. கடைக்காரர்களும் இந்தப் பள்ளத்தைத் துல்லியமாக வெட்டித் தருவார்கள். வரைபடத்தைக் கணினிக் கோப்பாகக் கொடுத்து, முதலில் ஒரு எம்.டி.எஃப். துண்டில் வெட்டச் சொல்லி ஆக்‌ஷனைப் பொருத்திப் பாருங்கள்.

ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் சுற்றிலும் 1.5 மி.மீ. இடம் விடுங்கள், அது எபாக்சிப் படுக்கைக்கு. குழலையும் சிலிண்டரையும் மரம் எங்குமே தொடக்கூடாது, 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். லீவர் முழுதாகச் சுழல்கிறதா, சிலிண்டர் தடையில்லாமல் கழல்கிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூ துளைகளுக்கு அலுமினியத் தூண்கள் வேண்டும். வெளிவிட்டம் 14 மி.மீ., உள்துளை ஸ்க்ரூவைவிட 1 மி.மீ. பெரிது. பேட்டைப் பக்கத்து லேத் பட்டறையில் சொன்னால் செய்துவிடுவார்கள். இரு முனையும் செங்குத்தாக முகம் சீவியிருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். தூண் இல்லாவிட்டால் ஸ்க்ரூ மரத்தை நசுக்கும், மரம் ஈரத்தில் உப்பும், நேற்று இறுக்கிய ஸ்க்ரூ இன்று வேறு இறுக்கத்தில் நிற்கும்.

எபாக்சி ஊற்றும் நாளில் அவசரம் கூடாது. ஆக்‌ஷனின் ஸ்க்ரூ துளை, டிரிக்கர் பள்ளம், ஊசி நுழையும் இடைவெளி எல்லாவற்றையும் மாடலிங் களிமண்ணால் அடைத்து, இரும்பின் மேல் மெழுகு பாலிஷை மூன்று முறை தேய்த்துக் காயவிடுங்கள். ஒரு இடம் விட்டுப்போனாலும் ஆக்‌ஷன் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு மரத்தை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஐந்து நிமிட எபாக்சி இதற்கு ஆகாது. நேராக்குவதற்குள் இறுகிவிடும், வெயிலில் இளகும். மெதுவான எபாக்சியை, பெட்டியில் போட்ட விகிதத்தில், அலுமினியத் தூள் கலந்து தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைக்கவும். சித்திரை, வைகாசியில் விடிகாலையில் செய்யுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் கையாளும் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

ஸ்க்ரூக்களை இந்தக் கட்டத்தில் இறுக்கக்கூடாது. இடம் பிடித்து நிற்கும் அளவுக்கு விரலால் திருகினால் போதும். இறுக்கினால் ஆக்‌ஷன் வளைந்த நிலையிலேயே எபாக்சி இறுகி, அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். 24 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு கழற்றி, சுத்தம் செய்து, இரண்டு ஸ்க்ரூவையும் ரைபிளின் கையேடு சொல்லும் முறுக்கில் இறுக்குங்கள். முன்கட்டையில் டயல் கேஜ் வைத்து முள்ளைக் குழலில் தொடவைத்து, முன் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் படுக்கை சரியில்லை. மேல்பரப்பைச் சுரண்டி மறுபடி ஊற்ற வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்த ஒரு சோதனையில் கண்டிப்பாக இருங்கள்.

வெளிவடிவமும் பிடியும்

பேண்ட்சாவில் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டி, மர அரம், இழைப்புளி, பிறகு 80, 120, 180, 240, 320 எண் உப்புத்தாள். பேண்ட்சா கழித்த துண்டுகளை எறியாமல் வைத்திருந்தால், வளைந்த கட்டையைக் கிளாம்ப்பில் பிடிக்க அவையே அணைப்பு.

பிடியைத் தனித் துண்டாகச் செய்யுங்கள். கட்டையோடு ஒரே மரத்தில் செதுக்கினால் பிடியில் ரேகை குறுக்கே ஓடும்; ரைபிள் ஒருமுறை கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். தனித் துண்டில் ரேகையை மேலிருந்து கீழாக ஓட விடலாம். ஒரு 6 மி.மீ. போல்ட், இரண்டு 8 மி.மீ. மரமுளைகள் போதும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் கைகள் இந்த முளைகளை அளவு பிசகாமல் கடைந்து தருவார்கள். பிடியை எல்லாப் பக்கமும் 3 மி.மீ. பெரிதாக விட்டு, உள்ளங்கையில் நீலச் சாக்பீஸ் தூள் தடவிப் பத்து நிமிடம் பிடித்திருங்கள். தூள் அடர்த்தியாகப் பதிந்த இடம் மேடு; அங்கே மட்டும் அரத்தால் நாலைந்து இழுப்பு. தூள் எங்கும் ஒரே சீராகப் பதியும்வரை இப்படியே.

கன்னக்கட்டையும் பட் பிளேட்டும் நிற்கும் இடங்களில் மரத்தில் நேரே ஸ்க்ரூ திருகாதீர்கள். பித்தளை மரையுறைகளை எபாக்சியில் பதியுங்கள். பட் பிளேட்டைச் செய்வதைவிட வாங்குவது நல்லது. அதன் துல்லியத்தை மரப்பட்டறையில் எட்டுவது கடினம்.

பூச்சு

மெலமைன் பாலிஷ் கதவுக்கு அழகு. வியர்த்த கையில் வழுக்கும். கொதிநிலை ஆளி எண்ணெயை மெல்லிய பூச்சாக, நாளுக்கு ஒன்று, ஆறேழு பூச்சு கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின் பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

உட்பள்ளம், ஸ்க்ரூ துளை, பட் பிளேட்டுக்குப் பின்னாலிருக்கும் வெட்டுமுகம் ஆகியவை வெளியே தெரியாததால் பூச்சு இல்லாமல் விடப்படுகின்றன. ஈரம் அதிகம் ஏறுவது ரேகையின் வெட்டுமுகம் வழியாகத்தான். அங்கெல்லாம் பாலியூரித்தேன் மூன்று பூச்சு கொடுங்கள்.

சுட்டுப் பார்த்தல்

முதலில் மேசையில் தாங்கலோடு, ஐந்து குண்டு வீதம் ஐந்து அட்டை. பழைய கட்டையில் இதே குண்டுகள் போட்ட கூட்டத்தைவிட இது விரிந்திருந்தால் பிரச்சினை படுக்கையிலோ ஸ்க்ரூவிலோ இருக்கிறது; சுடுபவரிடம் இல்லை. அது சரியான பிறகே நின்று சுடுங்கள். நின்று சுடும்போது குண்டுகள் மேலும் கீழுமாக வரிசை கட்டினால் கன்னத்தின் அழுத்தத்தையும் பட் பிளேட் தோளில் அமரும் உயரத்தையும் பாருங்கள். இடம் வலமாகப் பரவினால் விரல் கட்டையை உரசுகிறதா, பிடி பருத்துப்போய் கை அதை முறுக்குகிறதா என்று பாருங்கள். காலையில் நடுவில், மதியம் ஒரு பக்கமாக என்று கூட்டமே இடம் மாறினால் சிலிண்டரோ குழலோ எங்கோ மரத்தைத் தொடுகிறது. ஒரு தாள் துண்டை இடைவெளியில் ஓட்டிப் பார்த்தால் சிக்கும் இடம் தெரியும்.

முதல் ஆண்டில் ஸ்க்ரூ முறுக்கை மூன்று முறை சரிபாருங்கள்: கத்திரி முடிந்ததும், சாரல் ஓய்ந்ததும், கார்த்திகை மழைக்குப் பின்னும். ரைபிள் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் வறுத்து மறுபடி போடலாம். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜாக்கெட்டோடு நீளத்தை அளந்து, 8 மி.மீ. வித்தியாசம் கண்டால் அடுத்த இடைத்துண்டைப் போட்டுவிட்டுக் கன்னக்கட்டையையும் புதிதாகப் பொருத்துங்கள்.